சம்பந்தி வீட்டுப் பேத்தை

சம்பந்தி ஊருக்குப் போகும்போது தான் வளர்க்கும் பேத்தை மீனைத் தன் மகளின் மாமனாரான பெரியவர் வீட்டில் விட்டுப்போனார். கூடவே கண்ணாடித் தொட்டியும் கடலுப்புப் பையும் வந்தன. மீன் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பச்சை முதுகில் வளைந்து வளைந்து மஞ்சள் கோடு. ஆளை அளப்பதுபோல் கண்ணை உருட்டுவதால் வீட்டில் அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் விழுந்தது.

"ஆறும் கடலும் கலக்கிற இடத்து மீன், சம்பந்தி. உப்பு இல்லாமலும் ஆகாது, கூடவும் கூடாது" என்று சொல்லி உப்பின் அளவைக் காட்டினார் மீனைக் கொண்டுவந்தவர்.

"காலம் முழுக்கத் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன் நான். கண்ணாடிச் சரக்கைக்கூட கீறல் இல்லாம இறக்கியிருக்கேன். கொடுத்தபடியே வாங்கிப்பீங்க" என்றார் பெரியவர்.

அதன்பிறகு தொட்டியருகே யாரையும் அண்டவிடவில்லை. மகனோ மருமகளோ எட்டிப் பார்த்தாலே ஒரு முறைப்பு. வெயில் காலமாதலால் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. பெரியவர் வாளியில் அளவு பிசகாமல் உப்பைக் கரைத்து, பழைய மட்டம் வரை நிரப்பிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

சம்பந்தி வருவதாகப் போன் வந்த காலையில் இன்ஸ்பெக்டர் மூலையில் கிடந்தது. வெள்ளை வயிறு சாம்பலாகியிருந்தது. செவுள் படபடவென அடித்துக்கொண்டது. ஆசையாகக் கடித்துத் தின்னும் நத்தையைப் போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் முதல்முறையாக மருமகளைத் தொட்டியருகே கூப்பிட்டார். பெண் கொடுத்த இடத்துப் பொருள். வாக்குக் கொடுத்து வாங்கியது.

மருமகள், உப்புப் பையோடு வந்திருந்த, உப்பளவு காட்டும் கண்ணாடி மிதவையைத் தொட்டியில் விட்டாள். அது துள்ளி மேலே நின்றது; உப்பு அளவு மீறியிருந்தது.

"தினமும் என்ன ஊத்துறீங்க மாமா?"

"உப்புத் தண்ணிதான். உங்க அப்பா சொன்ன அளவு. ஒரு கல் கூடக்குறையப் போடலை."

"வெயில்ல தண்ணிதானே மாமா போகும்? உப்பு எங்க போகும்? அது உள்ளயே கிடக்கு. அதுமேல மறுபடி மறுபடி உப்பு ஏத்தியிருக்கீங்க. குறைஞ்சதுக்கு வெறும் தண்ணிதான் ஊத்தணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கிட்ட வர விட்டீங்களா?"

பெரியவர் உப்புப் பையை எடுத்துக் கட்டி ஓரமாக வைத்தார். மருமகளுக்கே பாவமாகிவிட்டது.

"ஒரேயடியா மாத்தினா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும். அப்பாகிட்ட, கரண்ட் போய் தொட்டிப் பம்பு நின்னுடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"உங்க அப்பாகிட்ட உன்னைப் பொய் சொல்ல வெச்சா, அப்புறம் இது என்ன வீடும்மா?"

சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். சம்பந்தி செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்.

"மீனை இன்னைக்குத் தர முடியாது. என் கைப்பிசகு, உப்பு ஏறிடுச்சு. தேத்தித்தான் கொடுப்பேன்."

சம்பந்தி உள்ளே போய்ப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"கப்பல் சரக்கையே தூக்கினவருக்கு ஒரு பேத்தையைத் தூக்கி நிறுத்த முடியலையாக்கும்?"

பெரியவர் தலை குனியவில்லை. "கேளுங்க. கேக்க வேண்டியவர் நீங்கதான்."

அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்கச் சம்பந்தியால் முடியவில்லை.

அன்றிலிருந்து மருமகள் மிதவையைப் பார்த்து அளவு சொல்வாள். பெரியவர் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு எடுத்துவிட்டு, முந்தைய நாளே பிடித்துவைத்த நல்ல தண்ணீரை நூல்போல் விடுவார். சம்பந்தி சாயங்காலம் தவறாமல் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"மெதுவா, மெதுவா! அது என்ன சரக்கா, கொட்டறதுக்கு?"

"வாயாலேயே ஊத்தறதுன்னா நீங்களே ஊத்துங்க, சம்பந்தி."

வயிறு மெல்ல வெளுத்தது. ஒருநாள் நத்தை ஓடு 'கடக்'கென்று உடைந்தது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். இன்னொரு 'கடக்'. சம்பந்தி பெரியவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

மீனை எடுத்துப்போகும் நாளில் பெரியவர் மீன் இருந்த வாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

"நல்லாப் பாத்து வாங்கிக்குங்க. அப்புறம் பேச்சு வரக்கூடாது."

"பாத்தாச்சு. குறை ஒண்ணும் இல்லை. அடுத்த மாசம் மறுபடி ஊருக்குப் போறேன். இங்கதான் விடப்போறேன், என்ன சொல்றீங்க?"

பெரியவர் மருமகள் பக்கம் கையைக் காட்டினார்.

"அவளைக் கேளுங்க. பொறுப்பு அவளோடது. தண்ணி ஊத்தறது மட்டும் நான்."