மேல் சீட்டுக்கு இரண்டு படி

பட்டறையில் எல்லோரும் அவரை அளவுகோல் என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில் பெட்டிக்கு இருக்கை வடிவமைப்பவர். விருந்துக்குப் போனாலும் நாற்காலியைச் சாண் போட்டு அளந்துவிட்டுத்தான் உட்காருவார். இப்போது அவர் செய்திருப்பது, கீழே ஒருவர், மேலே ஒருவர் என்று அடுக்கு இருக்கை; மேலே ஏறப் பக்கப்பலகையில் குடைந்த இரண்டு படி. இரண்டு வருட உழைப்பு, மரத்தில் செய்த மாதிரியாகப் பட்டறையில் நின்றது. மூன்று மணிக்கு ரயில்வே அதிகாரிகள் வருகிறார்கள். கையெழுத்து விழுந்தால் நூறு பெட்டிக்குப் போகும். இல்லையென்றால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

காலையிலேயே தங்கை வந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் இடது காலுக்குக் கம்பி வைத்த பூட்ஸ்.

"அண்ணா, ஒரு தடவையாவது மேல உக்காந்து வேடிக்கை பாக்கணும். நான்தான் முதல் ஆள்!"

"உனக்கு முன்னாடி நாப்பது பேர் ஏறியாச்சு, போ!"

சோதனைக்காக ஏறிய அந்த நாற்பது பேரில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இருக்கையின் புதுத் துணி அழுக்காகக் கூடாதென்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்: செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்.

"இதைக் கழட்டினா என்னால நிக்கவே முடியாதே."

"நீ அப்படியே ஏறும்மா."

பூட்ஸின் மூக்கு படிக்குள் நுழையவே இல்லை. மறுபடி உன்னினாள், வழுக்கி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாதிரியைச் செய்த தச்சர் தன் செருப்பை மாட்டிவந்து ஏறிப் பார்த்தார். அவருக்கும் அதே கதி. அட கடவுளே! நாற்பது பேரும் வெறுங்காலோடல்லவா ஏறியிருக்கிறார்கள்! ரயிலில் எவனய்யா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறுவான்?

தச்சர் குரலைத் தாழ்த்தினார். "விடுங்க சார். பலகைதான் இருக்கே, அதிகாரிங்களும் கழட்டிட்டுத்தான் ஏறுவாங்க."

கையெழுத்து விழுந்தபின் அளவை மாற்ற முடியாது. அது இருவருக்குமே தெரியும்.

"எனக்காக யோசிக்காதண்ணா," என்றாள் தங்கை. "நான் எப்பவும் கீழ் சீட்டுதானே."

அதுதான் அவரைச் சுட்டது. ஊரார் முதுகையெல்லாம் அளந்தவர், கூடப்பிறந்தவள் காலை அளக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மூன்று மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். முன்னால் வந்தவர் பளபளக்கும் புது இருக்கையைப் பார்த்துவிட்டு, ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"வேண்டாம் சார்," என்றார் அளவுகோல். வாசலிலிருந்து கழற்றிய பலகை அவர் கையிலேயே இருந்தது. "ஷூ போட்டுக்கிட்டே ஏறுங்க."