முக்கால் இஞ்ச்

தெருவில் அவருக்கு 'நாளைக்கு டெய்லர்' என்று பெயர். சட்டை ரெடியா என்று யார் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷனுக்குத் துணியில் கத்தரி வைக்கவே பயம். மூன்று தடவை அளப்பார், நான்காவது தடவை அளவு எழுதிய நோட்டைப் புரட்டுவார். அப்புறமும் மனசு கேட்காமல் உள்ளே ஒரு விரற்கடை துணியைக் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவார். "இவர்கிட்ட சட்டை தைக்கக் குடுத்தா, வாங்கறதுக்குள்ள தொப்பை போட்டுடும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமே அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் நேரெதிர். நினைத்ததை நினைத்த நிமிஷம் முடித்துவிடுகிற கை அவளுக்கு.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே, கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி. அதில் அவள் கேரட் விதை தூவியிருந்தாள். தூவி ஐந்து வாரம் ஆனபோது அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. கிளம்புகிற அன்று காலையில்கூட, மிச்சமிருந்த விதையைச் சுவரோரமாக இன்னொரு வரிசை தூவிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் அவளுக்கு நாக்கு செத்துப்போனது. சோறு, பழம், பால், எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"நம்ம கேரட் ஒண்ணு, மண்ணுல இருந்து எடுத்த கையோட பச்சையா கடிக்கணுங்க. அது மட்டும் இனிக்கும்னு தோணுது."

நன்றாகக் கழுவிக் கொடுங்கள், சாப்பிடட்டும் என்றார் டாக்டர்.

அவள் படுத்தபடியே எல்லாம் சொன்னாள். "இலையைப் பார்த்து ஏமாறாதீங்க. அடியில மண்ணை லேசா விலக்கினா ஆரஞ்சா தலை தெரியும். முக்கால் இஞ்ச் அகலம் இருந்தா போதும், எடுத்துடணும். முதல் நாள் சாயங்காலம் நல்லா தண்ணி விடுங்க. இலையைப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தா இலைதான் கையோட வரும். பக்கத்துல குத்தி மண்ணை இளக்கிட்டு, அடியைப் புடிச்சு லேசா திருகி எடுங்க. ரொம்ப நாள் விட்டா முத்திப்போயிடும், புரிஞ்சுதா?"

"அளவெடுக்க எனக்கே சொல்லித் தர்றியா?"

"அளவெடுக்கறதுல இல்லீங்க பிரச்சனை. வெட்டறதுலதானே!"

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

தினமும் காலையில் டேப்பும் கையுமாகப் பாத்தியில் குந்துவார். அரை இஞ்ச். அரைக்கு ஒரு நூல் கூட. அப்படியே போய் ஒரு நாள் சொல்லிவைத்த மாதிரி முக்கால் வந்து நின்றது. அன்று சாயங்காலம் தண்ணீர்கூட விட்டார். விடிந்ததும் போய் அடியைப் பிடித்தவர், கையை எடுத்துக்கொண்டார். சுண்டுவிரல் நீளம்தான் இருக்குமோ? இவ்வளவு ஆசைப்பட்டவளுக்கு இந்தப் பொடியையா கொண்டுபோய் நீட்டுவது? கொஞ்சம் கூடுதலாகவே விடுவோமே என்று நினைத்தார். அது மட்டுமா? இப்போதே பிடுங்கிக்கொண்டு ஓடினால், 'ஏன் இவ்வளவு அவசரம்?' என்று அவள் கேட்டுவிட்டால்? அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியும். அதனால்தான் பயந்தார்.

"ஆச்சா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு" என்றார். பெண்டாட்டியிடமும் அதே வார்த்தை! முக்கால் ஒரு இஞ்ச் ஆனது, ஒன்றேகால் ஆனது. ஐந்து வாரம் ஓடிப்போனது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அவளால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இனிமேல் வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும்தான் அவர் வீட்டுக்கு ஓடினார். தண்ணீர் விடவில்லை, மண்ணை இளக்கவில்லை. இருந்ததிலேயே பெரியதைக் கையாலேயே தோண்டி எடுத்தார். ஒரு சாண் நீளம், குழந்தையின் மணிக்கட்டுப் பருமன். கழுவி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய் நின்றார்.

அவள் வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். "எவ்ளோ பெருசு!" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. பிறகு அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"நீங்க கடிங்க. நான் சத்தத்தைக் கேக்கறேன்."

கடித்தார். நடுவில் கட்டை ஓடியிருந்தது. நார் பல்லில் சிக்கியது, கசந்தது.

"இனிக்குதா?"

"சர்க்கரைம்மா" என்றார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணீரையும் சேர்த்து அதை நுனிவரை மென்று விழுங்கினார்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு, ஒரு காலையில், பாத்தியைக் கொத்திப் போட்டுவிடலாம் என்று மண்வெட்டியோடு போனார். முதல் வரிசை முழுக்க வெடித்துக் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரமாக எறிந்தார். அதற்கப்புறம்தான் சுவரோர வரிசை கண்ணில் பட்டது. அவள் கிளம்புகிற அன்று தூவியது. யார் கவனித்தார்கள் அதை! பெரிய வரிசைக்கு விட்ட தண்ணீரிலேயே அதுபாட்டுக்கு வளர்ந்திருந்தது. மண்ணை விலக்கினார். பழக்க தோஷம், கை தானாகக் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வைத்தது.

முக்கால் இஞ்ச்.

நாளைக்கு என்று சொல்லித் தள்ளிப்போட இனி அவருக்கு யாருமில்லை. பக்கத்தில் குத்தி, அடியைப் பிடித்து, அவள் சொன்ன மாதிரியே லேசாகத் திருகினார். வந்துவிட்டது. சுண்டுவிரலைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுக் கடித்தார்.

இனித்தது. அப்படியொரு இனிப்பு.

"ஐயோ, இதைத்தானேம்மா கேட்டே" என்று அந்த ஈரமண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.