பின்சீட்டு வார்

வயிற்றுக்கு மேலேயா, கீழேயா, அதை மட்டும் இவர் சொல்லவில்லையே என்று நினைத்தாள் சூசைமேரி, காரின் பின்சீட்டில் மடியில் கிடந்த காக்கி வாரைப் புரட்டிப் பார்த்தபடி... இழுத்து இந்தக் கொக்கியில் மாட்டு என்றார், முன்னால் ஏறிவிட்டார், வண்டி ஆவூரைத் தாண்டிவிட்டது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர் அவள் கணவர் மைக்கேல்சாமி, சீனாக்காரன் சண்டை முடிந்தபின் ஊரோடு வந்தவர், கழித்துப்போட்ட விமானத்தின் வார்களை எங்கோ தேடிப் பிடித்து இந்தப் பழைய ஆஸ்டின் காரின் தரையில் போல்ட் வைத்து முடுக்கியிருக்கிறார், சரி, ஆனால் விமானம் ஓட்டுகிறவனுக்கு ஏழு மாத வயிறு இருந்திருக்குமா? சிரிப்பு வந்தது. கேட்டே விட்டாள்.

"என்னங்க, இது வயித்து மேல வரணுமா, கீழயா?"

"நழுவாம இருந்தாச் சரி. நல்லா இறுக்கிப் போடு."

அவருக்கும் தெரியாது! பக்கத்தில் இருந்த மதினி மரிய செல்வி, அவருடைய அக்கா, தன் பக்கத்து வாரைத் தொடக்கூட இல்லை. "புள்ளத்தாச்சியக் கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போடுறானே... கொடி சுத்திக்கும் மேரி, கழட்டி அங்கிட்டு வையி." வெளியே கட்டினால் உள்ளே எப்படிச் சுற்றும்? ஆனாலும் கை கொக்கியில் நின்றது, இரண்டு வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பஸ்ஸில், திடீரென்று பிரேக், முன்சீட்டுக் கம்பி வந்து இடித்தது, அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அசையவே இல்லை... எங்கே இடித்தது? நடு வயிற்றில். அப்படியானால் இந்த வார் நடு வயிற்றில் கிடந்தால் இதுவும் இன்னொரு கம்பிதானே? விரலால் தடவிப் பார்த்தாள், வயிறு மெத்து மெத்தென்று, அதற்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் எலும்பு, கல் மாதிரி. தாங்குவதென்றால் இதுதான் தாங்கும். முறுக்கிக்கொண்டிருந்த வாரைத் தட்டையாக நீவினாள், புடவைக் கொசுவத்தை ஒதுக்கி வயிற்றுக்கு அடியில் செலுத்தி, இடுப்பெலும்பின் மேல் படிய இழுத்து மாட்டினாள், மூச்சு விட்டுப் பார்த்தாள், வயிறு அதன் பாட்டுக்கு ஏறி இறங்கியது, அட, வயிற்றைக் கட்டவே இல்லையே, என்னைத்தான் கட்டியிருக்கிறது...

கண்மாய்க்கரை வளைவில் வண்டி திரும்பியதும் பாதை முழுக்க எருமைகள். பிரேக் கிறீச்சிட்டது, செம்மண் புழுதி கண்ணை மறைத்தது, மதினி எழும்பிப் போய் முன்சீட்டு முதுகில் மோதுவதைப் பார்த்தாள், தானும் மோதப் போகிறோம் என்று கையை நீட்டினாள், அதற்குள் வார் இடுப்பைப் பிடித்துப் பின்னால் நிறுத்திவிட்டது. எலும்பு வலித்தது. வயிற்றில் ஒன்றும் படவில்லை. ஆனால் உள்ளே ஏன் இவ்வளவு அமைதி? அன்றும் இப்படித்தானே... மைக்கேல்சாமி திரும்பி, "மேரி, மேரி" என்றார், மதினி உதட்டு ரத்தத்தை முந்தானையில் ஒற்றியபடி மாதாவை அழைத்தாள், சூசைமேரி வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள், தூங்குகிறாயா, பயந்துவிட்டாயா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை... விலாவுக்குக் கீழே சின்னதாக ஒரு உதை. பிறகு இன்னொன்று, கோபமாக.

"அசையுது," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மதினி சீட்டுக்கு அடியில் கையை விட்டு வாரை இழுத்தாள். "எப்புடிடி மாட்டுறது இத?" சூசைமேரி அதைக் கீழே இறக்கி மாட்டிவிட்டாள். வண்டி கிளம்பியது. அப்போதுதான் கவனித்தாள், ஸ்டியரிங்கில் மோதியதால் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார், அவர் சீட்டில் வாரே இல்லை.

"ஒங்களுக்கு?"

"ரெண்டுதான் கெடச்சுச்சு."

கிடைத்தது இரண்டுதானா? போல்ட் போட்ட அன்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து இழுத்துப் பார்த்தாரே, முன்சீட்டில் இருக்கப்போகிற ஆள் ஒருவர் உண்டு என்பது அவருக்கு நினைவே வரவில்லையா, அல்லது வந்தும்... அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.