ஏழாவது மாதிரி

1

அக்கா ஃபோனில் அழுதாள் என்றுதான் முதலில் எழுதினேன். பொய். அவள் அழவில்லை, எண்களையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பயத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு மாத்திரைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. இதய நோய்க்கான மாத்திரை. ஒரு டிரம் நிறைய மாவு, அதில் கைப்பிடி மருந்து. இயந்திரம் சுழற்றிக் கலக்கும். கலந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாமே வெள்ளை. அதனால் பத்து இடங்களில் மாதிரி எடுத்து அளப்பாள். ஒவ்வொன்றிலும் மருந்து, இருக்க வேண்டிய அளவில் நூறு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

(இங்கே ஒரு சூத்திரம் இருந்தது. நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்று எடுத்துவிட்டேன். எண்கள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதன் அளவு அது. ஐந்தைத் தாண்டக் கூடாது.)

2

செவ்வாய்க்கிழமை ஒன்பது மாதிரிகள் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று வந்தன. ஏழாவது மட்டும் நூற்று முப்பத்தொன்று. சிதறல் பத்தரை.

சராசரி நூற்றியொன்றுதானே, பிறகென்ன என்றாராம் மேனேஜர். மாதிரி எடுத்ததில் ஏதோ பிசகு, இன்னொரு பத்து எடுங்கள் என்றார். எடுத்தாள். பத்தும் சரியாக வந்தன. முதல் பத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்றார்.

"சராசரியை யாரும் முழுங்கறதில்ல சார். ஆளுக்கு ஒரு மாத்திரையத்தான் முழுங்கறாங்க," என்றாள் அக்கா. பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து

[இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.]

3

இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அப்படி நான் சொல்லவே இல்லடி. மனசுல நினைச்சேன். வாயத் திறக்கல."

"அப்புறம்?"

"எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஏழாவது உண்மையிலேயே பிசகாக இருக்கலாமே என்று சமாதானம் சொன்னேன். இருக்கலாம் என்றாள். டிரம்முக்குள் எங்கோ ஓரிடத்தில் மருந்து கட்டி தட்டிப்போயும் இருக்கலாம், இரண்டாவது தடவை அது கையில் சிக்காமல் போயிருக்கலாம் என்றாள். முதல் பத்தின் அளவுகள் இருந்த தாளைக் கிழித்துப் போடச் சொன்னார்களாம். கிழிக்காமல் துணி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கட்டி எதுவும் இல்லை, எல்லோரும் நலம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டு: வயதான ஒருவர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். இரண்டாம் பக்கம் திருப்பும்போது

(முடியவில்லை. அவருக்கு என்னையறியாமல் அப்பாவின் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தேன்.)

5

இன்று வெள்ளிக்கிழமை. பெட்டிகள் நாளை லாரி ஏறுகின்றன. கையெழுத்தைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்து அக்கா மூன்று நாளாகத் தூங்கவில்லை. மேனேஜர் சும்மா விடமாட்டார். அக்காவின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது.

சற்றுமுன் வாட்ஸப்பில் செய்தி வந்தது: "அவர் ரூம் வாசல்ல நிக்கிறேன். தாள் கையில இருக்கு. போகவா?"

'போ' என்று அடித்தேன். அழித்தேன். வேலை போனால் போகச் சொன்னவள் நான் ஆவேன். 'வேண்டாம், வந்துடு' என்று அடித்தேன். அதையும் அழித்தேன்.

நான் அடிப்பதும் அழிப்பதும் அவளுக்குத் திரையில் தெரிந்துகொண்டிருக்கும். நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.