மலைக் கல்யாணத்துக்கு ஓர் ஒத்திகை

“புடவை கட்டிக்கிட்டு மலை ஏற முடியுமா?”

“ஏறும்போது டிராக் பேண்ட் போட்டுக்க. மேல போய்ப் புடவைக்கு மாறிக்க.”

“மேல எங்க மாத்துறது? ரூம் கட்டி வச்சிருக்காங்களா உனக்கு?”

“பாறை இருக்கும்ல? அதுக்குப் பின்னால போ. நான் திரும்பி நின்னுக்கறேன்.”

“நீ திரும்புற ஆளாக்கும்!”

“மேகத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். காலைல அங்க மேகம் தரையிலயே நடந்து போவுமாம் பெனி. கைய நீட்டுனா கை தெரியாதாம்.”

“அப்ப தாலிய வேற யாரு கழுத்துலயாவது கட்டிடப் போற.”

“அங்க வேற யாரு இருக்கா? நீ, நான், மலை. அவ்ளோதான்.”

ஆடி மாதத்து மாலை ஒன்றில், கடற்கரைச் சாலையின் கருங்கல் குவியல் மேல் உட்கார்ந்து செம்மல் அப்படிச் சொன்னான். அன்றிலிருந்து அந்த மேகம் பெனிஷாவின் கூடவே அலைந்தது. காலாப்பட்டு பல்கலைக்கழக அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது கணினித் திரையின் ஓரத்தில் அது வந்து நிற்கும். மாலைப் பேருந்தில் ஜன்னலோரம் கண்ணை மூடினால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் புழுக்கமெல்லாம் விலகி முகத்தில் ஈரம் படும். காதில் தாலிக்கயிறு உரசும் சத்தம் கேட்பதுபோல் இருக்கும். “இந்த வண்டி அரியாங்குப்பம் போவுமாம்மா?” என்று யாராவது தோளைத் தட்டினால்தான் கீழே இறங்கி வருவாள்.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் அளவுக்கு அவர்கள் வீடுகளில் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அதுதான் வேடிக்கை. ஐந்து வருடக் காதல் தெரிய வந்தபோது பெனிஷாவின் அப்பா அமலநாதன் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், “பையன் சாப்பாட்டுல மீன் சேத்துக்குவானா?” என்று கேட்டார். செம்மலின் அப்பா கலியமூர்த்தி, தன் நிலத்தில் விளைந்த பூசணிக்காய் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நெல்லித்தோப்பு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். பூசணிக்காயை வாசலில் இறக்கி வைக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

கல்யாணம் எங்கே என்ற பேச்சு வந்தது.

“மூணு ஞாயிறு மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, பீடத்துக்கு முன்னால நிக்கணும். எங்க வழக்கம் அது” என்றார் அமலநாதன்.

“எங்க சனம் மண்டபத்துலதான் கூடும். முகூர்த்தம் பாக்காம தாலி கட்டுனா ஊர்ல எம் மூஞ்சியில முழிப்பாங்களா?” என்றார் கலியமூர்த்தி.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டும் வைத்துக்கொள்ளலாமே என்றாள் பெனிஷா. எது முதலில் என்று அடுத்த சண்டை பிறந்தது. தேநீர் ஆடை கட்டிப்போனது. கடைசியில் அமலநாதன் எழுந்து நின்று, “கோயில்ல நடந்தா நான் வந்து நிப்பேன். வேற எங்க நடந்தாலும் என்னைக் கூப்பிட வேணாம்” என்றார். கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எட்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. காலையில் அவளுக்கு இட்லி எடுத்து வைத்தார், அவள் குடையைப் பழுது பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று பாட்டுப் பாடினார். சொன்ன சொல்லை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே கல்வராயன் மலை. கோயிலும் இல்லை, மண்டபமும் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் தோல்வி இல்லை. பதிவு அலுவலகத்துக் காகித வேலையைச் செம்மல் பார்த்துக்கொண்டான். பெனிஷா ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். தை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை. சிலுவையா வேறு சின்னமா என்று யாரும் கேட்க முடியாதபடி வெறும் மஞ்சள் கயிறு. ஈரத் துணியில் சுற்றிய மல்லிகைச் சரம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். அம்மா ஆனந்தமேரியின் நீலப் பட்டுப் புடவை. அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிறது. அந்தப் புடவை நாப்தலீன் உருண்டை வாசனையோடு பீரோவில் காத்திருந்தது.

எல்லாம் எழுதியானபின் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இருவருக்கும் மலை ஏறத் தெரியாது.

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? பாலம் ஏறி இறங்கினால் உண்டு. சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்தாலும் ஒரு தடவைகூட இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. செம்மல்தான் வழி சொன்னான். அவன் எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்கு ஆறு மாடி. காலை ஆறு மணிக்கு வந்தால் மாடிப்படி காலியாக இருக்கும். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, பைக்குள் நாலு தண்ணீர் பாட்டில். ஏழு தடவை ஏற வேண்டும்.

முதல் வாரம் மூன்றாம் மாடியிலேயே பெனிஷாவுக்கு நாக்கு வெளியே வந்தது. நான்காம் வாரம் பேசிக்கொண்டே ஏறினாள். ஆறாம் மாடி ஜன்னலில் தெரியும் கடல் விளிம்பைப் பார்த்து மூச்சு வாங்கும் ஒரு நிமிடத்தில், கடல் நிமிர்ந்து நீல மலையாக நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றும்.

துப்புரவு வேலை செய்யும் அஞ்சலாட்சி ஒருநாள் துடைப்பத்தோடு வழி மறித்தாள். “லிப்ட்டு நல்லாத்தான ஓடுது? எதுக்கு இந்தப் பாடு?”

“வேண்டுதல்க்கா.”

“எந்தச் சாமிக்கு?”

“முருகனுக்கு” என்றான் செம்மல். அதே நொடியில் “மாதாவுக்கு” என்றாள் பெனிஷா.

“ரெண்டு பேருக்குமா? அப்ப ரெண்டு மடங்கா ஏறுங்க. ஈரம் காஞ்சப்புறம் ஏறுங்க.”

வேலைக்கு நேரமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவை ஏறியதும் லிப்ட்டில் இறங்கி வந்தார்கள். லிப்ட்டின் கண்ணாடியில் வியர்வை வழிய ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதுதான் அந்த நாட்களின் இனிமையான பகுதி. அந்தக் கணக்கில் ஏதோ குறைகிறது என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் மலையிலிருந்து இராமதாஸ் கூப்பிட்டார். வழி காட்ட ஏற்பாடு செய்திருந்த மலைவாசி அவர்.

“எத்தினி பேரு வரீங்க?”

“ரெண்டு பேர்ங்க” என்றாள் பெனிஷா.

“கல்யாணம்னு சொன்னாரே தம்பி?”

“ஆமாங்க.”

“பொண்ணு மாப்ள ரெண்டு, சரி. மத்தவங்க எத்தினி?”

“மத்தவங்க இல்லீங்க.”

“பொண்ண யாரு கையப் புடிச்சிக் குடுப்பாங்க? நானா?” என்று கேட்டுவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்து, கம்பளி எடுத்து வரச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு பெனிஷாவுக்குள் தங்கிவிட்டது. அதன்பின் கற்பனையில் மேகம் வந்தபோதெல்லாம், அதற்குள் மூன்றாவதாக ஓர் ஆள் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த கைக்குட்டை, வெட்கத்தில் லேசாகச் சாய்ந்த தலை. அப்பா. தாலி ஏறும்போது அப்பா பக்கத்தில் இல்லாத கல்யாணம் தனக்கு வேண்டாம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட வேணாம் என்று சொன்ன மனிதரைக் கூப்பிட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அதன்பின் மலையும் வேண்டியிருக்காது என்பதும் தெரிந்தது. கேட்காதவரைக்கும் அவர் மறுக்கவில்லை. அந்த மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்தினாள்.

மார்கழி முதல் சனிக்கிழமை ஒத்திகைக்குச் செஞ்சிக்குப் போனார்கள். சிநேகிதி வீட்டு நிச்சயதார்த்தம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். ராஜகிரிக் கோட்டையின் படிகளை அவர்கள் ஏறிய வேகத்தைப் பார்த்துக் குரங்குகளே ஒதுங்கின. “ஆறு மாடி எத்தனை தடவை!” என்று செம்மல் மார்தட்டினான். உச்சியில் மேக மஞ்சு இன்னும் கலையவில்லை. கீழே வயல்களும் ஏரியும் பனிப்புகைக்குள் மிதந்தன. ஊர்கள் எல்லாம் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் இருந்தது. பெனிஷா கைகளை விரித்தாள். விரல் இடுக்கில் குளிர் ஓடியது. கல்யாணம் இப்படித்தான் இருக்கும், இதே குளிர், இதே வெளிச்சம்.

“நிக்கிற எடத்தப் பாத்துக்கலாம்” என்றான் செம்மல். “நான் இங்க. நீ அங்க. இராமதாஸண்ணன் போட்டோ எடுக்க அந்தப் பக்கம். ஏன் அவ்ளோ தள்ளி நிக்கற? நடுவுல ஒரு ஆள் நிக்கலாம் போலருக்கு.”

அவள் நகரவில்லை. தன் இடது பக்கத்தைப் பார்த்தாள். செம்மலும் பார்த்தான்.

இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. நூறு படி இறங்கியதும் பெனிஷாவின் முழங்கால் ரப்பர்போல ஆடியது. இருநூறாவது படியில் தொடைகள் தந்தியடித்தன. செம்மல் அவள் பையையும் வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டு, அவனும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான்.

“லிப்ட்டு” என்றான் திடீரென்று. “பெனி, நாம எறங்கிப் பழகவே இல்ல! தெனம் லிப்ட்டுலதான எறங்குனோம்!”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் படியில் சாய்ந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று அவர்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டு இறங்கியது.

திரும்பும் பேருந்தில் திண்டிவனம் தாண்டியதும் செம்மல் மெதுவாகப் பேசினான். “மேல உன் பக்கத்துல யாரு நின்னாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“நாம ரெண்டு பேர் மட்டும்னுதான பேசினோம்.”

“ஆமா. நாந்தான் சொன்னேன். ராத்திரியெல்லாம் எங்கம்மா மொகம்தான் வருது எனக்கு. நான் ஒரு கோழை. நீ உங்கப்பாகிட்ட கேட்டீன்னா, நானும் எங்க வீட்ல போய்க் கேப்பேன். நீ கேக்கலன்னா வுட்டுர்றேன்.”

“பழிய எம் மேல போடுற பாத்தியா!”

“தைரியத்த உங்கிட்ட கடன் கேக்கறேன்” என்று சொல்லி அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தாள். வாசலில் இருந்த இரண்டு படிகளைப் பக்கவாட்டில் நண்டுபோல ஏறினாள். கூடத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த அமலநாதன் தலை நிமிர்ந்து பார்த்தார். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த முப்பது வருடமும், சாயங்காலங்களில் கால்பந்து கிளப் பையன்களுக்குக் கால் பிடித்துவிட்ட மனிதர். அவர் கண்ணுக்குக் கால்கள் பொய் சொன்னதில்லை.

“உக்காரு” என்றார்.

“ஒண்ணுமில்லப்பா. பஸ்ல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே...”

“உக்காருன்னேன்.”

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி எடுத்து வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, முட்டிக்கு மேலே கட்டை விரலால் அழுத்தினார். அவள் “யம்மா!” என்று துள்ளினாள்.

“இங்கயா?”

“ஆமாம்ப்பா.”

“நின்னா இங்க வலிக்காது. ஓடினாலும் இங்க வலிக்காது.” எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார். “இந்த வலி நம்ம ஊரு வலி இல்லியே. எங்கயோ ஒசரத்துலேருந்து எறங்கியிருக்க.”

கற்பூர வாசனை கூடத்தில் பரவியது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. மாதா படத்தின் முன் சிறிய நீல விளக்கு எரிந்தது. அந்த நீலத்தில், மூடிய இமைக்குள், மறுபடியும் அந்த மஞ்சு எழும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டே பெனிஷா சொல்லத் தொடங்கினாள். செஞ்சி, ஆறு மாடி, லிப்ட்டு, கல்வராயன் மலை, தை மாதத்துச் சனிக்கிழமை, மஞ்சள் கயிறு, அம்மாவின் புடவை. தூக்கத்தில் பேசுகிறவளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பாவின் கை நின்றது. சிறிது நேரம் கழித்து அந்தக் கை அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தது.

“அம்மா பொடவ அங்க முள்ளுல மாட்டிக் கிழியும்” என்றார்.

“மேல போய்த்தான் கட்டிப்பேன்.”

“ம்.” விரல்கள் கெண்டைச் சதையில் இறங்கின. “அந்தப் பையன் கால் எப்படி இருக்கு?”

“என்னைவிட மோசம்ப்பா. உக்காந்து உக்காந்து எறங்கினான்.”

அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா என்று பார்ப்பதற்குள் முகம் குனிந்துகொண்டது. “எண்ண கொஞ்சம் பாட்டில்ல ஊத்தி வைக்கறேன். நாளைக்கிக் குடுத்துடு” என்றார். குரலில் கோபமில்லை, சம்மதமுமில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழப்போனார்.

எழுந்து உள்ளே போய்விட்டால் இந்த நிமிடம் முடிந்துவிடும். நாளை மறுபடியும் இட்லி, குடை, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. தை மாதத்து அதிகாலையில் அவர் தனியாக இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பெனிஷா கண்ணைத் திறந்து, எண்ணெய் வழியும் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“அப்பா, நீங்க எம் பக்கத்துல நிக்கணும். மலைக்கு எங்ககூட வாங்கப்பா.”