அருவிக்கடியில் சொன்னது

“ஏட்டி அகிலா, மேல என்ன படிக்கப் போறே? மனோதத்துவமா, சமூக சேவையா? ஒண்ணைச் சொல்லித் தொலை!”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நீயே சொல்லேன், ஜெபா.”

“மனோதத்துவம்னா மனசைப் படிக்கணும். சமூக சேவைன்னா அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டி, உள்ள போயி நியாயம் பேசணும். நீ தபால்காரனுக்கே கதவைத் திறக்க மாட்டியே!”

“அப்போ மனசுதான்.”

அறுபத்திரண்டில் பி.ஏ. பரீட்சை முடிந்து, பாளையங்கோட்டை விடுதியில் பெட்டி கட்டும்போது தோழி ஜெபமலரோடு பேசிய பேச்சு. அந்தப் பதிலுக்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை என்று அகிலாண்டேஸ்வரிக்குத் தெரியும். தென்காசி வீட்டில் அக்கா பேராச்சி இருந்தாள். செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். பிரசவத்துக்குப் பிறகு சித்தம் கலங்கிவிட்டதென்று, பிள்ளையை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்பிவிட்டார்கள். வந்த அன்று ஏதோ கேட்க வாயெடுத்தாள். “அந்த வீட்டுப் பேச்சே இங்கன வேண்டாம்” என்று அப்பா வல்லிநாயகம் அதட்டினார். அதன்பின் நான்கு வருஷம், ஒரு சொல் இல்லை. அந்த மனசைத் திறக்கத்தான் இந்தப் படிப்பு.

ஒரு விண்ணப்பத்துக்குத்தான் அப்பா சம்மதித்திருந்தார். சென்னையிலிருந்து வந்த இரண்டு தாள்களில் மனோதத்துவத்தை நிரப்பி வைத்திருந்தாள்; சமூக சேவைத் தாள் வெறுமையாகக் கிடந்தது. நாளை தபாலில் சேர்த்தாக வேண்டும்.

சாரல் தொடங்கினால் பேராச்சியைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய், தலை நிறைய எண்ணெய் வைத்து, நாற்பத்தெட்டு நாள் அருவியில் நிறுத்துவார்கள். பித்தம் இறங்குமாம். தண்ணீர் விழும்போது அவள் உதடு அசையும். அதில் அம்மாவுக்கு அத்தனை நம்பிக்கை. “பாத்தியாட்டி, அருவி அவ வாயைத் திறக்குது. இன்னும் ஒரு மண்டலம் நின்னா வெளியிலயும் பேசிருவா.”

எப்போதும் அம்மாதான் கூட நிற்பாள். இன்று மூட்டுவலி. எண்ணெய்க் கிண்ணத்தோடு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அகிலா உள்ளே நுழைந்தாள். கல்லெறிந்ததுபோல் தண்ணீர் தோளில் விழுந்தது. அந்த இரைச்சலில் தன் மூச்சே கேட்கவில்லை. அக்காவின் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அதே அசைவு. மறுபடியும் அதே.

பித்துப் பிடித்த வாய்க்கு இத்தனை ஒழுங்கு ஏது? யாருக்கும் கேட்காத இடம் பார்த்தல்லவா அக்கா பேசுகிறாள்!

அகிலா அவளை வெளியே இழுத்து வந்தாள்.

“என்னட்டி, பாதியில கூட்டிட்டு வார?” அம்மா பதறி எழுந்தாள்.

“இரும்மா.” அக்காவின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். “அங்கன சொன்னதை இங்கன சொல்லுக்கா. நான் கேக்கேன். யாரும் அதட்ட மாட்டாங்க.”

பேராச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

துருப்பிடித்த தாழ்ப்பாள் நகர்வதுபோல் குரல் வந்தது.

“நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கலை. எம் பிள்ளையை ஒரு தடவை காட்டச் சொல்லி, நீ போய்த் தட்டுட்டி.”