ஐந்தாவது ஆள்

ராயபுரத்தில் இந்த வாடகைக்கு, ஹார்பருக்கு நடந்து போகிற தூரத்தில் இன்னொரு வீடு சத்தியமாகக் கிடைக்காது. நாலு பேருக்கு மேல் தங்கினால் காலி பண்ண வேண்டும் என்பது வீட்டுச் சொந்தக்காரி ரோஸ்மேரியின் கறார். ஐந்தாவது ஆளாக, எண்ணூரில் புருஷனிடம் அடிவாங்கி ஓடிவந்த தங்கை ரேச்சலை மூன்று நாளாக ஒளித்து வைத்திருந்தாள் ஃப்ளோரன்ஸ். அந்தப் புருஷனோ அவளைத் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தான்.

“உன் புருசன் ஹார்பர்ல, புள்ளைங்க ஸ்கூல்ல, நீ என் எதிர்ல நிக்குற. அப்போ பாத்ரூம்ல தண்ணி மொண்டு ஊத்துனது ஆரு?” என்றாள் ரோஸ்மேரி.

“ஆரும் இல்லக்கா. குழாய மூட மறந்துட்டேன்.”

“தள்ளுமே, நானே மூடுறேன்.”

அவள் பாத்ரூம் கதவில் கை வைக்கவும் மாதா கோயிலில் பகல் பன்னிரண்டு மணி அடித்தது. அந்த மணிக்கு எந்தச் சண்டையும் நின்றுவிடும். ரோஸ்மேரி சிலுவை போட்டு மூவேளை ஜெபத்தைத் தொடங்கினாள். அதில் மூன்று முறை வரும் ‘அருள் நிறைந்த மரியே’யில் முதலாவதன் பாதியைச் சொல்லிவிட்டு, ஃப்ளோரன்ஸ் மறுபாதியைச் சொல்லட்டும் என்று நிறுத்தினாள்.

பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸுக்கு ஜெபமே மறந்துபோயிருந்தது.

மறுபாதி பாத்ரூமுக்குள்ளிருந்து வந்தது. சின்ன வயசிலிருந்து ஊறிய பழக்கம்; ரேச்சலின் குரல் ‘ஆமென்’ வரைக்கும் போய், அப்புறம்தான் திடுக்கிட்டு நின்றது. ஃப்ளோரன்ஸ் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ரோஸ்மேரி கண்ணைத் திறக்கவில்லை. “இன்னும் ரெண்டு பாக்கி கீது. கலீஜான எடத்துல நின்னுகினு இன்னா ஜெபம்? வெளிய வந்து சொல்லச் சொல்லு.”

ரேச்சல் கிழிந்த உதட்டோடு வந்து நின்றாள். ரோஸ்மேரி பார்த்தாள். போய்த் தெருக்கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, இரண்டாவதைத் தொடங்கினாள்.